கண்ட்ரோல் ரத்தம்

என் ரத்தத்தை மூன்று தடவை விஷத்தில் ஊறவைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தேதான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான். முதல் இரண்டு தடவையும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை கொடுத்தது நவராத்திரி தொடங்கிய வாரம், செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமைவரை நான் இருந்த நிலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிற பழக்கம் எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே உண்டு. முக்கொம்பில் தண்ணீர் திறந்துவிட்ட நாள், எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த நாள், என் பெண் முதல் முறையாக என்னை ஏமாற்றிப் பொய் சொன்ன நாள், எல்லாம் குறிப்பில் இருக்கிறது. ஆனால் இந்த வாரங்களுக்கான பக்கங்களில் கிழமை மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். அதனால் இதெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதுவது.

என் மனைவி வேலை பார்ப்பது தஞ்சாவூர் சாலையில், திருவெறும்பூர் தாண்டி இருக்கிற ஒரு பரிசோதனைக்கூடத்தில். புதிதாக ஒரு மருந்தோ பூச்சிக்கொல்லியோ கடைக்கு வருவதற்கு முன்னால், அது மனிதனுடைய மரபணுவைக் கெடுக்குமா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. அதற்கு ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டும். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும், சிகரெட் கூடாது, மருந்து மாத்திரை கூடாது. எங்கே தேடுவார்கள்? ஊழியர்களின் வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்பார்கள். நான் ஒரு கல்லூரியில் நூலகர். என் உடம்பில் ஏறுவது புத்தகத் தூசி மட்டும்தான் என்று சொல்லி மனைவி என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அந்த வயது வரம்பின் விளிம்பில் இருந்தேன்.

கொடுத்த ரத்தத்தைப் பல குழாய்களில் பிரித்து வளர்ப்பார்கள். சிலவற்றில் சோதிக்க வேண்டிய பொருளைக் கொஞ்சமாகவும் அதிகமாகவும் சேர்ப்பார்கள். ஒரு குழாயில், நிச்சயம் கெடுக்கும் என்று தெரிந்த விஷத்தையே விடுவார்கள், சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க. ஒரு குழாயில் மட்டும் எதையும் சேர்க்காமல் அப்படியே விடுவார்கள். அந்தக் குழாய்க்குக் கண்ட்ரோல் என்று பெயர். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள்.

"அப்ப நான்தான் கண்ட்ரோல்" என்றேன், இதை முதலில் கேட்டபோது.

"ஆமா. இந்த வீட்டுல எதுவும் உங்க கண்ட்ரோல்ல இல்ல. அங்கயாவது இருந்துட்டுப் போங்க."

அவள் திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கேலி இல்லாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் முடியாது. எனக்குத் தலைவலி என்றால் "எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?" என்பாள். நோயைப் பற்றிப் படித்தால் அந்த நோய் வந்துவிட்டதாக நினைக்கிறவன் நான் என்பது அவளுக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது.

சோதனை என்ன என்பதை அவள் எனக்கு விளக்கியது சப்பாத்தி மாவை வைத்து. மாவு உருண்டையை இரண்டாகப் பிய்த்துக் காட்டினாள். "வெள்ளணு இப்படி ரெண்டா பிரியும்போது உள்ள இருக்கிற கருவும் சரியா ரெண்டா பிரியணும். மரபணு எங்கயாவது உடைஞ்சிருந்தா அந்தத் துண்டு இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் போகாது. இந்தா, இப்படி ஒரு துணுக்கு தனியா உருண்டு நிக்கும்." விரல் நுனியில் ஒட்டியிருந்த மாவை உருட்டிப் பலகையில் வைத்தாள். "இதுதான் குட்டிக் கரு. எத்தனை குட்டி இருக்குன்னு எண்ணுவோம். ஜாஸ்தியா இருந்தா அந்தச் சரக்கு ஆபத்து."

முன்பு அதை மைக்ராஸ்கோப்பில் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் கண் சிவந்திருக்கும். போன பங்குனியில் ஒரு மிஷின் வந்தது. ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கி உள்ளே தள்ளினால் போதும். ஊதா வெளிச்சத்தில் செல்களின் கரு மின்னும். கேமரா படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் இரட்டைக் கரு உள்ள செல்களைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் குட்டி நிற்பவற்றை வரிசையாகத் திரையில் காட்டும். அந்த வரிசையைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்வது மட்டும் மனிதர் வேலை. எந்த ஸ்லைடு எந்தக் குழாயுடையது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. எண்ணி முடித்த பிறகுதான் குறியீட்டை உடைப்பார்கள்.

"நான் வேன்ல வர்றப்பகூட அது அங்க எண்ணிக்கிட்டு இருக்கும்" என்று அவள் சொன்ன விதத்தில், வீட்டில் ஒரு நல்ல வேலையாள் சேர்ந்த நிம்மதி இருந்தது.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மண்ணச்சநல்லூரில் உரக்கடை வைத்திருந்தார். உரம் என்று பெயரே தவிர, கடையில் பாதி பூச்சிமருந்து. முழு டப்பா வாங்க முடியாதவர்களுக்கு அவர் பொடியைக் கையால் அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். மூட்டைகளின் மேல் படுத்துக் கதைப்புத்தகம் படிப்பேன். கடையின் வாடை சட்டையில், தலைமுடியில், சாப்பாட்டு டப்பாவில் எல்லாம் ஏறியிருக்கும். எனக்கு அது அப்பாவின் வாடை. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவருக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இறக்கும்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. கடையினால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இதை நான் மனைவியிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னால். அதன் பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஆயுத பூஜை முடிந்து கூடம் திறந்தது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது நான் பெண்ணுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யு.கே.ஜி. படிக்கிறவள், 'ஊ' எழுதச் சொன்னால் வாலை நோட்டுக்கு வெளியேவரை இழுப்பாள்.

"கண்ட்ரோல் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். இது எங்களுக்குள் வழக்கமான கேள்வி. ஏதாவது குத்தலாகப் பதில் வரும்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "ஏங்க, போன மாசம் உங்களுக்கு ஜுரம் ஏதாவது இருந்துச்சா?"

"இல்லையே."

"சளி, வயித்துப்போக்கு? எனக்குத் தெரியாம ஏதாவது மாத்திரை?"

"உனக்குத் தெரியாம நான் காபியே குடிக்கிறதில்ல."

இதற்கு அவள் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. "பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களே, அது எப்ப?"

"ஆடி மாசம். தேதி பார்த்துச் சொல்லவா?"

"வேண்டாம், அது பரவாயில்ல." உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். துண்டால் துடைத்துக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டாள்: "உங்கப்பா கடையில நீங்க எத்தனை வருஷம் போய் உட்கார்ந்திருப்பீங்க?"

பெண்ணின் கையோடு சேர்த்துப் பிடித்திருந்த பென்சிலை இறுக்கிவிட்டேன். என் பெண் "அப்பா, விடு, நானே எழுதுறேன்" என்று கையைத் தட்டிவிட்டாள்.

"ஏன் கேக்குற?" என்றேன்.

"சும்மாதான். டோனர் பத்தின விவரம் கேட்டாங்க."

அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். பொய் சொல்லும்போதுதான் கேலி செய்யமாட்டாள்.

அடுத்த சில நாட்கள் நான் வேலைக்குப் போனேன், வந்தேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது எப்போதும் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பேன். அந்த வாரம் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோலுக்கு அடியில் நீல நரம்பு ஓடுவதைப் பார்த்தேன். உள்ளே ஓடுவதில் எத்தனை செல்கள் இந்த நிமிடம் சரியாகப் பிரியாமல் ஒரு துணுக்கை விட்டுவிட்டுப் போகின்றன என்று நினைத்தேன். பல் தேய்த்துத் துப்பும்போது வாஷ்பேசினில் சிவப்பு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒரு நாள் தெரிந்தது. நான் ஈறை அழுத்தி அழுத்தித் தேய்த்ததால் வந்தது என்று அறிவு சொன்னது. அப்பாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள் என்று வேறு ஏதோ ஒன்று சொன்னது.

நூலகத்தில் மருத்துவ அலமாரிப் பக்கம் போகக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். வியாழக்கிழமை மத்தியானம் சத்தியத்தை மீறினேன். குட்டிக் கருவைப் பற்றி ஒரு பாடப்புத்தகத்தில் இருந்தது. அது அதிகமாக இருப்பதால் நோய் வந்தே தீரும் என்று இல்லை, ஆனால் உடம்பில் மரபணு சேதம் நடந்துகொண்டிருப்பதன் அடையாளம் என்று எழுதியிருந்தது. அந்த 'ஆனால்' வரைக்கும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். மாணவர் ஒருவர் வந்து அதே புத்தகம் வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் யாருக்கும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வெள்ளணு, சிவப்பணு, தட்டணு எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கு எடுத்தீங்க?" என்றார்.

"சும்மா, ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

என் மனைவியின் மிஷினைப் பற்றி அவரிடம் சொன்னால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். "அசதியா இருக்கு டாக்டர்" என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தால் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றால் எத்தனை இருக்கின்றன என்றுதான் பொருள். ஒவ்வொன்றும் உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது திருவெறும்பூருக்கு அப்பால் இருக்கிற மிஷின்தான். அது ஏற்கெனவே சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பக்கத்து வீட்டில் விளையாடப் போனதும் கேட்டுவிட்டேன். "என் ரத்தத்துல குட்டி ஜாஸ்தியா இருக்கா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"சொல்லக் கூடாது."

"நீ சொல்லாமலே சொல்லிட்ட. என்னைக் கிண்டல் பண்ணி அஞ்சு நாளாச்சு."

"அதையும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்ல. இதை எழுதல."

அதற்குப் பிறகு அவள் மறைக்கவில்லை. கண்ட்ரோல் குழாயில், எதுவும் சேர்க்காத என் ரத்தத்தில், குட்டிகள் அவர்கள் கூடத்தில் இதுவரை கண்ட வரம்பைத் தாண்டி இருந்தன. கண்ட்ரோல் மட்டும் அல்ல, எல்லாக் குழாய்களுமே தூக்கலாக இருந்தன. அதனால் மருந்தின் மேல் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ரத்தம் கொடுத்த ஆள்தான்.

"மிஷின் தப்பா எண்ணியிருக்கலாம் இல்ல?"

"அது காட்டின படங்களை நான்தாங்க ஒவ்வொண்ணா பார்த்து ஆமா ஆமான்னு போட்டேன். எது யாரோடதுன்னு தெரியாமத்தான். நல்லா உருண்டையா, பளிச்சுன்னு, செல்லுக்குள்ளயே நின்னுச்சு." மடித்த துணியை ஒதுக்கிவைத்தாள். "பி-பன்னிரண்டு சத்து குறைஞ்சாக்கூட இப்படி வரும். ஒரு ஜுரம் வந்தாலும் வரும். மேடம் சொல்லியிருக்காங்க, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்னு."

"அப்பா கடையில இருந்தா வருமா?"

"இத்தனை வருஷம் கழிச்சா? தெரியல." என் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தெரியலங்க" என்று மறுபடியும் சொன்னாள். அவளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று இரண்டு முறை சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு மாலை பெண் ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். நான் அவளைத் தூக்கவில்லை. என் ரத்தம்தானே அவளுக்குள்ளும் ஓடுகிறது என்று அப்போதுதான் தோன்றியது. அப்படி எல்லாம் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவளோடு வேனில் போனேன். கூடத்தின் தலைவி மேலப்புதூர்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார். என்னைப் பார்த்து, "வாங்க சார், எங்க கண்ட்ரோலே இப்படிப் பயந்து வரலாமா" என்றார். ரத்தம் எடுத்தார்கள். எடுத்த பெண் "இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க சார்" என்று என் முஷ்டியைப் பிரித்துவிட்டாள்.

நான் கேட்டதற்காக, பழைய ஸ்லைடு ஒன்றைக் கண்ணால் பார்த்துச் சொல்ல மனைவிக்குத் தலைவி அனுமதி கொடுத்தார். அது சோதனைக் கணக்கில் சேராது, சும்மா பார்ப்பதற்கு. என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உள்ளே அறையை இருட்டாக்கினாள். மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தாள். திரையின் வெளிச்சத்தில் அவள் பக்கவாட்டு முகம் மட்டும் தெரிந்தது. ஸ்லைடை நகர்த்தினாள். நிறுத்தினாள். மறுபடி நகர்த்தினாள். தலையை எடுத்துவிட்டு மீண்டும் வைத்தாள். இனி அவள் எழுந்து என்னிடம் வந்து சொல்லப்போகும் முதல் வார்த்தையை நான் மனத்துக்குள் பல விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் நன்றாக இல்லை.

எழுந்தாள். என்னிடம் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு மிஷின் பக்கம் போனாள். ஸ்லைடுத் தட்டு உள்ளே போகிற வாயைத் திறந்தாள். ஒரு வெள்ளைத் தாளை மடித்து, அதன் விளிம்பில் இருந்த பள்ளத்தில் ஓட்டி எடுத்தாள். தாளைப் பார்த்தபடியே பின்னால் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

தலைவி உள்ளே போனார். நானும் கேட்காமலே கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

"மஞ்சள், மேடம்" என்றாள் என் மனைவி. தாளின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. "பூஜை அன்னிக்கு நான்தான் வச்சேன். மேல் மூடிமேல எதுவும் வைக்கக் கூடாதுன்னு மிஷினை மாட்ட வந்த மெட்ராஸ் எஞ்சினியர் சொல்லியிருந்தாரா, அதனால மத்த மிஷினுக்கெல்லாம் வச்சிட்டு இதை மட்டும் விட மனசு வரல. தட்டு உள்ள போற இடம் வாசல்படி மாதிரியே இருந்துச்சு. ரெண்டு ஓரத்துலயும் மஞ்சளைத் தடவி, நடுவுல ஒரு பொட்டு வச்சேன். மறுநாள் துடைச்சிட்டேன். பள்ளத்துக்குள்ள காஞ்சு நின்னிருக்கு."

விஷயம் எனக்குப் புரிய நேரமாயிற்று. மஞ்சள் தூளும் அந்த ஊதா வெளிச்சத்தில் மின்னுமாம். தட்டு போய்வரும்போதெல்லாம் உதிர்ந்து ஸ்லைடுகளின் மேல் விழுந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் கரு நீலமாகவும் தூள் மஞ்சள் பச்சையாகவும் தெரிகிறது. கேமராவுக்கு நிறம் தெரியாது; வெளிச்சப் புள்ளி என்று மட்டும்தான் தெரியும். திரையில் அவள் பார்த்த நீலம் கம்ப்யூட்டர் பூசிய நீலம். குட்டி அளவில் இருந்த தூளை எல்லாம் அது குட்டி என்று காட்டியிருக்கிறது. அவளும் ஆமாம் போட்டிருக்கிறாள்.

தலைவி தாளை வாங்கி முகர்ந்து பார்த்தார். "நானும் இந்த மிஷின் வந்த அன்னிக்கு ஜெபம் பண்ணேன்மா" என்றார். "வாயால மட்டும்."

யாரும் திட்டவில்லை. அந்தச் சோதனையை முழுவதும் ரத்துசெய்தார்கள். நடந்ததை நடந்தபடி அவளையே எழுதித் தரச் சொன்னார்கள். மஞ்சள் என்பதற்கு என்ன போடுவது என்று அவள் கேட்க, "மஞ்சள்னே போடு, உலகத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார் தலைவி.

அந்த இடத்தில் என் பயம் முடிந்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது வேனில் மனைவியிடம், "தூளைக் கழிச்சுட்டா மீதி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பார்த்துச் சொல்ற விஷயம் இல்ல அது."

"நிஜக் குட்டி ஒண்ணாவது பார்த்தியா?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "பார்த்தேன்."

அவ்வளவுதான். மிஷினின் தவறு என்று ஆனதுமே, தவறு இல்லாத ஒரு பதில் வந்தாக வேண்டிய நிலைமை ஆகிவிட்டது. இதற்கு முன் எதை நம்புவது என்று தெரியாமல் பயந்தேன். இனி வரப்போவதை நம்பித்தான் ஆக வேண்டும். புதிதாக எடுத்த ரத்தம் எங்கோ ஒரு வெதுவெதுப்பான பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. என் உடம்புக்கு வெளியே, என்னைக் கேட்காமல், அதன் செல்கள் பிரிந்துகொண்டிருந்தன. சரியாகப் பிரியுங்கள் என்று அவற்றுக்குச் சொல்லவும் முடியாது.

ஐப்பசி பிறந்தது. விடியற்காலையில் காவிரிக் கரை அம்மா மண்டபத்திலிருந்து கோயிலுக்கு யானைமேல் தீர்த்தக்குடம் வருகிற மேளச் சத்தம் எங்கள் தெருவரை கேட்கும். பெண்ணைத் தோளில் உட்காரவைத்து ஒரு நாள் போய்க் காட்டினேன். "அப்பா, உன் காது ஏன் சூடா இருக்கு?" என்றாள். அவள் இரண்டு கைகளாலும் என் காதுகளைப் பிடித்திருந்தாள். நான் அவளைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அது ஒன்றுதான் அந்த நாட்களில் நான் செய்த தைரியமான காரியம்.

தீபாவளிக்குப் புதுச்சட்டை வாங்கும்போது கடையில் முழுக்கை எடுத்தேன். மனைவி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை நரம்பு தெரியாம இருக்கவா?" என்றாள். அவள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அவள் வேனிலிருந்து இறங்கியதும் வாசலிலேயே சொன்னாள்: "உள்ளதான் இருக்கீங்க."

வரம்புக்கு உள்ளே என்று பொருள். நான் கேட்டதை நானே நம்பாமல், "நடுவுலயா, ஓரத்துலயா?" என்றேன்.

"நடுவுல. சுத்தமா நடுவுல. மேடமும் தனியா பார்த்தாங்க."

"அப்ப கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது?"

"ஒண்ணுமே இல்லாத ஆளு கிடையாதுங்க. எல்லார் ரத்தத்துலயும் நாலு நிக்கும். வெயில்ல போறோம், பஸ் புகையில போறோம், வயசாகுது. உங்களுக்கும் அப்படித்தான்."

"கடையிலேர்ந்து வந்தது ஏதாவது அதுல இருக்குமா?"

"அதை எந்த மிஷினும் சொல்லாது."

ராத்திரிக்கு வெங்காய சாம்பார். சமையலறையில் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கினால் நாம் பேச்சில் கொஞ்சம் தாராளமாகிவிடுகிறோம். "உன் ரத்தத்தையும் ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றேன்.

"விஷத்தைத் தொடுறவங்க ரத்தத்தைச் சோதனைக்கு எடுக்கக் கூடாதுன்னு விதி."

"சோதனைக்கு இல்ல. உனக்குத் தெரிஞ்சுக்க."

அவள் வெங்காயத்தின் தோலை உள்வரைக்கும் உரித்துக்கொண்டே போனாள். நல்ல வெங்காயமும் தோலோடு போய்க்கொண்டிருந்தது. "மேடம் கேட்டிருக்காங்க. விருப்பப்பட்டவங்க வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம்னு."

"நீ பார்த்தியா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

நான் அவள் கையைப் பார்த்தேன். அந்த நிச்சய விஷத்தை, சோதனை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகக் குழாயில் விடுகிறார்களே அதை, அளந்து விடுகிற கை அது. கையுறை போட்டுக்கொள்வாள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் திறப்பாள், எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வேலை. என் அப்பாவின் கடையைப் பற்றி நான் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். இதை ஒரு தடவையும் யோசித்ததில்லை.

"ஏன் பார்க்கல?" என்றேன்.

"இந்த மூணு வாரமா நீங்க எப்படி இருந்தீங்கன்னு பார்த்தேன்ல." கண்ணீர் வெங்காயத்தால் வந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். "அப்புறம் நானும் அந்த மாதிரி இருந்தா புள்ளைய யாரு பார்க்குறது?"

பார்த்துவிடு என்று சொல்லவும் முடியவில்லை. பார்க்காதே என்று சொல்லவும் முடியவில்லை. அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவுவதாக எனக்குத் தோன்றியது. எப்போதுமே அவ்வளவு நேரம்தான் கழுவுவாளோ என்னவோ, நான் கவனித்ததில்லை.